பிலிம் ஓரத்துப் புள்ளிகள்

மண்ணூர் எல்லப்பனைச் சாது என்று சொல்பவர்கள், 1976இல் மெட்ராஸ் பேட்டன்ட் ஆபீசில் அவன் போட்ட சத்தத்தைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஸ்ரீபெரும்புதூரில் நரசிம்மன் நடத்திய கம்பெனியில் அவனுக்கு வேலை. பழைய பத்திரங்களைப் பக்கம் பக்கமாகப் பிலிமில் சின்னதாகப் படம் பிடித்துத் தருவார்கள். ஒரு சுருளில் இரண்டாயிரம் பக்கம். அதில் பிள்ளைப்பாக்கத்துப் பத்திரத்தைத் தேடு என்றால் கண் அவிந்துபோகும். எல்லப்பன்தான் வழி கண்டான். கேமராவுக்குள் ஆறு குட்டி பல்புகளை வரிசையாகப் பொருத்தினான். எந்தெந்த பல்பு எரிகிறதோ, அதன்படி பிலிம் ஓரத்தில் புள்ளி விழும். ஊருக்கு ஒரு புள்ளி வரிசை. பிலிமை ஓட்டிப் பார்க்கும் மெஷின் அதைப் படித்து, கேட்ட ஊரில் தானாகவே நிற்கும்.

நரசிம்மன் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். தட்டிய கையாலேயே காப்புரிமை மனுவில், கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். படுபாவி! வீட்டில் பல்பு மாற்றக்கூடத் தெரியாத மனுஷன், நோகாமல் நுங்கு தின்னப் பார்த்தார்.

மெட்ராஸ் கம்பெனி ஒன்றுக்கும் அந்த முறை வேண்டியிருந்தது. இதில் புதிதாக எதுவும் இல்லை, காப்புரிமை தரக்கூடாது என்று ஆட்சேபம் போட்டது. விசாரணைக்கு நரசிம்மன் எல்லப்பனைச் சாட்சியாகக் கூட்டிப் போனார்.

"நான் சொல்லிக்குடுத்தேன், நீ செஞ்சே. அவ்ளோதான் சொல்லணும், இன்னா?"

எல்லப்பன் கேட்டதெல்லாம் அந்தக் காகிதத்தில் தன் பெயர், வேறொன்றுமில்லை. அதிகாரி கேட்டதும் கத்திவிட்டான்.

"பொய் சார்! இவுரு ஒண்ணியும் சொல்லிக்குடுக்கல. நான் பண்ணது!"

எதிர்த்தரப்பு வக்கீல் நிதானமாக எழுந்தார். "உனக்கு எப்படிப்பா இந்த யோசனை வந்தது?"

வெகுளி, உள்ளதைச் சொன்னான். "எங்கம்மா பாப்பம்மா வூடு வூடா துணி எடுத்து வெளுக்கும் சார். எது யார் வூட்டுத் துணின்னு தெரிய, ஓரத்துல சேராங்கொட்டையால புள்ளி வெக்கும். அத்தத்தான் நான் பிலிம்ல வெச்சேன்."

வக்கீல் சிரித்தார். அதிகாரியும் சிரித்தார். சிரிக்க அதில் என்ன இருந்ததோ, அவர்களுக்கே வெளிச்சம்.

இரண்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. டைப்பிஸ்ட் ராஜம்மா படித்துச் சொன்னாள். மனு தள்ளுபடி. வண்ணான் துணியில் போடும் குறிதான் இது, கண்டுபிடிப்பே இல்லை.

"அதுல எம் பேரு இருக்குதா?"

"இல்லண்ணா. ஒரு சலவைத் தொழிலாளி மகன்னு மட்டும் போட்டுருக்காங்க."

எல்லப்பன் மேஜையை ஓங்கி அறைந்தான்.

"அவுரு பண்ணதுன்னு சொன்ன வரைக்கும் கண்டுபிடிப்பு. நான் பண்ணதுன்னதும் வண்ணான் குறியா?"