சதுப்பில் வெட்டிய வாய்க்கால்

எனக்கு அப்போதே வாய் ஜாஸ்தி. மகளிர் குழுவுக்குத் தலைவி ஆனதே அந்த வாயால்தான். தொண்ணூறுகளின் கடைசியில், மலைமேல் இருக்கும் எங்கள் அரியூர் நாட்டிலிருந்து குழுப் பெண்களை ஒரு வேனில் ஏற்றி, கொண்டை ஊசி வளைவுகளில் பாதிப் பேர் வாந்தியெடுக்க, கடற்கரைக்குக் கூட்டிப்போனார்கள்.

அங்கே மீனவர்கள் தாங்களே ஒன்றுகூடி அலையாத்திக் காட்டை மீட்டிருந்தார்கள். ஆறு கடலில் சேரும் இடத்தில், சேற்றிலே நின்று வளரும் மரங்கள். தண்ணீர் தேங்கி, உப்பேறிப் பட்டுப்போன பகுதியில் வாய்க்கால் வெட்டி, கடல் ஏறும்போது தண்ணீர் உள்ளே வரவும் இறங்கும்போது வெளியே போகவும் வழி செய்திருந்தார்கள். கரையில் நட்ட கன்றுகள் இடுப்புயரம் நின்றன. "மழையும் புயலும் முன்ன மாதிரி இல்லம்மா. இந்த மரம் இருந்தாத்தான் நாங்க இருப்போம்" என்றாள் அங்கிருந்த மீனவப் பெண் ஒருத்தி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நம்மால் மட்டும் முடியாதா என்ன என்று வேனிலேயே முடிவு கட்டிவிட்டேன்.

எங்கள் ஊருக்கு மேலே ஒரு சதுப்பு உண்டு. ஊற்றுத் தண்ணீர் அங்கே ஊறி நின்று, மெல்லக் கசிந்து கீழே வயல்களுக்கு வரும். முதல் வயல் என் தம்பியுடையது. இரண்டு வருடமாக மழை சரியில்லை. சதுப்பைச் சுற்றி நின்ற நாவல் மரங்கள் காயத் தொடங்கியிருந்தன. அங்கே மண்வெட்டி போடக் கூடாது, செருப்புக் காலோடு மிதிக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம். மீறினால் சாமி குத்தமாம். ஊர்க்கூட்டத்தில் நான் எகிறினேன். "மரத்தக் காய விட்டுட்டு சாமி சும்மா இருக்குதே, அது மட்டும் குத்தமில்லீங்களா?"

தம்பி மட்டும் இழுத்தான். "அக்கா, அங்க கடல் தண்ணி உள்ள வருது. இங்க எந்தத் தண்ணி வரும்? இருக்கறதும் போயிராதா?"

"நீ கடலப் பாத்திருக்கறயா? பாத்தவ சொல்றேன், கம்முனு இரு கண்ணு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவன் முகம் தொங்கிப்போயிற்று. மறுநாள் சதுப்பில் முதல் வெட்டு வெட்டியவனும் அவன்தான். அக்கா பேச்சைத் தட்டி அவனுக்குப் பழக்கமில்லை.

கடற்கரையில் பார்த்தபடியே, மீன் முள்ளைப் போல நடுவில் பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சின்னச் சின்ன வாய்க்கால்கள். கரையெல்லாம் நாவல் கன்றுகள். ஒரு வாரம் தண்ணீர் சலசலவென்று ஓடியது. தம்பியின் வயலில் வரப்பைத் தாண்டி வழிந்தது. நாங்கள் குலவையிட்டோம். "இப்ப என்னடா சொல்ற?" என்று அவனைச் சீண்டக்கூடச் செய்தேன். சதுப்பு அத்தனை காலம் பிடித்துவைத்திருந்ததெல்லாம் வடிந்துபோகிறது என்று இந்தப் பாவிக்கு உறைக்கவில்லை.

நெல் கதிர் விடும் நேரத்தில் வாய்க்கால் வறண்டது. கருஞ்சேறு பாளம் பாளமாக வெடித்தது. அடித்துப் பிடித்துக் கல்லும் மண்ணும் கொட்டி வாய்க்கால்களை மூடினோம். அடுத்த மழையும் ஏமாற்றியது, ஊற்று திரும்பவில்லை. கன்றுகளும் கருகின. தம்பி பதராகிப்போன பயிரை அறுத்து மாட்டுக்குப் போட்டான். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம். ஊரார் சாமி குத்தம் என்றார்கள். என்ன சாமி குத்தம்? என் குத்தம்! அதை என் முகத்துக்கு நேரே சொல்ல அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை.

தம்பி குடும்பத்தோடு மலையிறங்கி, நாமக்கல் பக்கம் ஒரு கோழிப் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தான்.

சில வருடம் கழித்து என் மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீரோடு வந்தான். ஒரு குறை வைக்கவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி ஏற்றத்தில் நடந்து வந்து, வேர்த்துக் கொட்டி வாசலில் நின்றவனிடம் தண்ணீர்ச் சொம்பை நீட்டினேன்.

"வேண்டாங்க்கா" என்றான். "அடிவாரத்துல, காரவள்ளியிலயே குடிச்சுட்டுத்தான் மலையேறினேன்."