ஓடைப் பூச்சிகளும் பாறைமேல் ஓர் ஆளும்

1. முதல் நாள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், பள்ளிப் படிப்போடு, ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் அட்டெண்டராகச் சேர்ந்தேன். முதல் நாளே புரொபசர் என்னைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனார். செண்பகாதேவி அருவிக்குக் கீழே, ஓடையில் முழங்கால் தண்ணீரில் நின்று பூச்சி பிடிக்க வேண்டும்.

ஒருவர் கீழ்ப்பக்கம் வலையைப் பிடிப்பார். இன்னொருவர் மேல்பக்கம் நின்று கல்லைப் புரட்டிக் காலால் கிளறுவார். ஒட்டியிருப்பதெல்லாம் தண்ணீரோடு வந்து வலையில் விழும். அதை வெள்ளை டிரேயில் கொட்டினால், அழுக்கு என்று நான் நினைத்தது நெளிய ஆரம்பிக்கும். பாய்ச்சலான தண்ணீரில் இருப்பவை தட்டையாக, கல்லோடு கல்லாக இருக்கும். தேங்கலில் நீந்தும் வண்டுகள். அழுகிய இலைகளுக்கு நடுவே மணலை ஒட்டிக் கூடு கட்டிக்கொள்ளும் புழுக்கள். நாலடி தள்ளிப் போனால் வேறு கூட்டம்.

மூன்றாவது ஆள் இலஞ்சியைச் சேர்ந்த மாடசாமி அண்ணாச்சி. அவர் பூச்சியைத் தொடமாட்டார். உயரமான பாறையில் விசிலோடு உட்கார்ந்து ஓடையின் மேல்பக்கத்தையே பார்த்திருப்பார். இங்கே வெயிலடிக்கும்போதே மலை உச்சியில் மழை கொட்டும். தண்ணீர் கலங்கும், இலை தழை வரும், பின்னாலேயே வெள்ளம் வந்துவிடும். குனிந்து நிற்பவர்களுக்கு எதுவும் தெரியாது. ஓடைச் சத்தத்தில் கூப்பிட்டாலும் கேட்காது; அதற்குத்தான் விசில்.

சாப்பிடும்போது என்னைச் சீண்டுவார். "ஏலே வேலு, வாய்ல கொழுக்கட்டையா வச்சிருக்கே? காலையிலேருந்து ஒரு வார்த்த பேசல. சார்வாளோட பூச்சிகூட ஒன்னையவிடத் தேவல."

நான் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வேன்.

2. பெரிய கல்

சில வருடங்கள் கழித்து ஒரு சாரல் காலம். கல்லுக்கடியில் வளரும் ஸ்டோன்ஃப்ளை என்ற பூச்சி இனத்தில், இரட்டை வால் உள்ள பெரிய இளம்பூச்சி ஒன்றைப் புரொபசர் வெகுநாளாகத் தேடிக்கொண்டிருந்தார். அன்று அது எங்கள் கண்முன்னாலேயே ஒரு பெரிய கல்லுக்கடியில் நுழைந்தது. இருவரும் தள்ளிப் பார்த்தோம். கல் அசையவில்லை.

புரொபசர் கையைக் காட்டிக் கூப்பிட்டார். அண்ணாச்சி பாறை விளிம்புக்கு வந்தார்.

"மாடசாமி, எறங்கி வாப்பா. ஒரு நெம்பு நெம்பினா போதும்."

"நான் எறங்குனா மேல யாரு பாக்கது சார்வாள்?"

"வெயில் அடிக்குது பாரு. சட்டுன்னு ஏறிரலாம்."

அண்ணாச்சி ஒரு தடவை மலையைப் பார்த்தார். கடப்பாரையோடு இறங்கினார். "பொண்ணு பாக்கப் போறவன்கூட இம்புட்டு அலைய மாட்டான் சார்வாள்."

கல் புரண்டது. பூச்சி வலையில் விழுந்தது. மூன்று தலைகளும் டிரேமேல் குனிந்தன. நான் மறுபடி வலையைத் தண்ணீரில் வைத்தேன். அது ஒரே நொடியில் இலையால் நிறைந்து கனத்தது.

"ஏறுங்கலே!" என்று அண்ணாச்சி என்னைக் கரைப் பாறைமேல் தள்ளினார். புரொபசருக்கு ஒரு வேர் அகப்பட்டது. அண்ணாச்சி நடு ஓடையில் நின்றிருந்தார். செம்மண் நிறத்தில் வந்த தண்ணீருக்குப் பிறகு அவரும் இல்லை, டிரேயும் இல்லை.

மறுநாள் சிற்றாற்றில் உடல் கிடைத்தது.

3. பேச்சு

அதற்குள் ஊரில் வேறு கதை கிளம்பியிருந்தது. குடித்துவிட்டு வழுக்கி விழுந்தான் என்றார்கள். ஆஸ்பத்திரி வாசலில் அவர் மனைவி எங்களிடம் வந்தார்.

"அவுக தானாவா எறங்குனாக? குடிச்சிருந்தாகன்னு சொல்லுதாங்களே."

புரொபசர் தரையைப் பார்த்தார். யாராவது பேசுவார்கள் என்று நான் காத்திருந்தேன்.

"இல்ல மயினி," என்றேன். "அண்ணாச்சி குடிக்கல. கல்லப் பொரட்டக் கூப்புட்டோம். மேல யாரு பாக்கதுன்னு கேட்டாரு. மறுபடியும் கூப்புட்டோம்."

அந்த அம்மா தலையை ஆட்டினார். "அப்ப சரி," என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல்லை இன்றுவரை என்னால் தாங்க முடிந்ததில்லை.

போலீசிடம் புரொபசரே, "நான்தான் கூப்பிட்டேன்," என்று சொன்னார்.

4. திரும்பிப் போனது

வெள்ளம் ஓடையை வழித்துத் துடைத்திருந்தது. சீசன் முடிந்து ஒரு மாணவரோடு நாங்கள் திரும்பப் போனபோது, கல்லுக்குக் கல் உயிர் இருந்தது. தட்டையானவை, வண்டுகள், மணல் கூட்டுப் புழுக்கள், இரட்டை வால்காரன் உட்பட. வெள்ளத்துக்குத் தப்பியவையும், பறந்து வந்து முட்டையிட்டவையும் ஓடையை மறுபடி நிரப்பிவிட்டன.

"ஒண்ணும் கொறையலப்பா!" என்றார் புரொபசர் ஆச்சரியத்தோடு. சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார்.

பூச்சி எடுக்கும் ஃபோர்செப்ஸை என் கையில் கொடுத்துவிட்டு, பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு தட்டுத்தடுமாறிப் பாறைமேல் ஏறினார். நாங்கள் வேலை செய்தோம். நடுவில் மாணவர் கையை வீசிக் கத்தினார்: "சார், இது புதுசா இருக்கு! ஒரு நிமிஷம் வந்து பாருங்க!"

புரொபசர் திரும்பவில்லை. "மூடி வை. கரைக்கு வந்து பாக்கேன்," என்றார், மலையைப் பார்த்தபடியே.

இப்போது ஓடைக்குப் போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். தண்ணீரைப் பார்க்கிறவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். கல்லுக்கடியில் எது இருந்தாலும் அவரைக் கூப்பிடாதீர்கள்.