பழசை விக்காம புதுசு வாங்கின கதை

சொந்தமா லோடு வண்டி ஓட்டுற புண்ணியவான்களே, நம்ம தொழில்ல ஒரு அதிசயம் பார்த்தீங்களா? வண்டிக்கு அடியில நாம படுத்துக் கெடப்போம், அதுக்கு இன்னா கோளாறுன்னு ரோட்டுல போறவன் சொல்லிட்டுப் போவான். செஞ்சியில எனக்கும் அதே கதிதான். என் பாட்டையும் கொஞ்சம் கேளுங்க.

மேட்டுல நின்ன சீர்

என் பழைய வண்டிக்கு செல்ப் மோட்டார் படுத்துக்கிச்சு. தள்ள ஆள் தேடறதுக்குப் பதிலா, எங்க போனாலும் சரிவா இடம் பார்த்து நிறுத்திடுவேன். பிரேக்கை விட்டா உருண்டுக்கினே ஸ்டார்ட் ஆயிடும். மேல்சித்தாமூர்ல ஒரு கல்யாணத்துக்கு பீரோ, கட்டில், வாஷிங் மெஷின்னு சீர்வரிசை ஏத்திக்கினு போனேன். மண்டபமோ சமதரையில இருந்துச்சு. நான் கொஞ்சம் தள்ளி ஒரு மேட்டுல நிறுத்திட்டேன். பொண்ணோட அப்பா வேட்டியை மடிச்சுக் கட்டிக்கினு ஓடி வந்தார்.

"யோவ், சம்பந்தி வூட்டுக்காரங்க சீர் எங்கன்னு கேட்டா, மேட்டுல நிக்குது, மனசு வந்தா எறங்கி வரும்னு சொல்லவா?"

யாருக்கு வயசாச்சு?

அவலூர்பேட்டை நெல் மண்டி முதலாளி தேவராஜ் அண்ணன் குடுக்குற லோடுலதான் எங்க வீட்டு அடுப்பு எரியுது. அறுப்பு சமயத்துல அவர் கைவிட்டா அந்த வருசமே போச்சு. அப்படிப்பட்டவரோட நெல்லை ஏத்திக்கினு வரும்போதுதான் வண்டி நடுரோட்டுல குபுகுபுன்னு ஆவி விட்டு நின்னுச்சு. மழை வேற தூறுது. "இன்னொரு தபா நின்னுச்சுன்னா லோடு வேற ஆளுக்கு"ன்னு கறாரா சொல்லிட்டார். என் பொண்டாட்டி செல்வி, இந்த சனியனைத் தலைமுழுகுன்னா.

மெக்கானிக் கபாலி சீட்டைத் தூக்கி அடியில இருக்கிற இஞ்சினைப் பார்த்தான். ரேடியேட்டர் ஓஸ் வெடிச்சிருந்துச்சு. அது மேல நான் சுத்தி வச்சிருந்த சைக்கிள் ட்யூபைப் பிரிச்சு என் மூஞ்சிக்கு நேரா ஆட்டினான். ஓஸ், பெல்ட்டு எல்லாத்தையும் ஒரேயடியா மாத்தி, செல்ப் மோட்டாரையும் சரி பண்ணிக் குடுத்தான்.

"விக்காத அண்ணே. இஞ்சினுக்கு வயசாவல, ரப்பருக்குத்தான் வயசாயிருக்குது."

ஷோரூம்ல கன்னியப்பன்

இருந்தாலும் அறுப்பு நேரத்துக்கு ஒத்தை வண்டியை நம்ப முடியுமா? பழசை வச்சுக்கினே புதுசும் ஒண்ணு வாங்கறதுன்னு முடிவு பண்ணி திண்டிவனம் போனேன். மூட்டை தூக்குற கன்னியப்பனையும் கூட்டிக்கினு போனேன். ஷோரூம் தம்பி ஒரு பெரிய வண்டியில ஏத்தி உக்கார வச்சு, டிவி மாதிரி திரை, பின்னாடி பார்க்குற கேமரான்னு காட்டக் காட்ட, எனக்கு நாக்குல எச்சி ஊறுது. கன்னியப்பன் எதையும் பாக்கல. நேரா வண்டிக்குப் பின்னாடி போய் முதுகைக் காட்டி நின்னான். வண்டித் தட்டு அவன் காது உயரத்துக்கு இருந்துச்சு. தோள்லேர்ந்து மூட்டையைச் சாய்க்கணும்னா தட்டு தோளுக்குக் கீழ இல்ல இருக்கணும்! பக்கத்துல நின்ன சின்ன வண்டி அவன் நெஞ்சுக்கு இருந்துச்சு. அதையே வாங்கிட்டேன். பெரிய வண்டியைக் காட்டி கன்னியப்பன் ஒரு கேள்வி கேட்டான் பாருங்க.

"தம்பி, டிவி பொட்டிய நீயே வச்சுக்கோ. மூட்டை ஏத்த ஏணி குடுப்பியா, அத்தச் சொல்லு."

முதல் லோடு நெல்லு

புது வண்டியில முதல் லோடு நெல்லு. எறக்கிட்டு வீட்டுக்கு வந்து தட்டுல சிந்தினதைப் பெருக்கப் போனேன். செல்வி வெளக்கமாத்தைப் பிடுங்கிட்டா. முதல் லோடுல சிந்தினதைத் தள்ளக் கூடாதாம், லட்சுமி போயிடுவாளாம். எங்க பக்கம் எல்லாரும் அப்படித்தான். சரின்னு விட்டேன். லட்சுமிக்கு முன்னால எலி வந்துடுச்சு! காலையில சாவியைத் திருப்பினா, இருக்கிற லைட்டெல்லாம் திருவிழா சீரியல் செட்டு மாதிரி மின்னுது, வண்டி மட்டும் அசையல. உள்ள ஒயரெல்லாம் கடிச்சுத் துப்பியிருக்குது பாவி எலி. அன்னைக்குன்னு பார்த்து தேவராஜ் அண்ணன் லோடு, மதியத்துக்குள்ள மண்டிக்குப் போயாகணும்.

வேற வழி? பழசை எடுத்தேன். எலி கடிக்க அதுல அவ்வளவு ஒயர் ஏது? சாவியைத் திருப்பினதும் கிளம்பிடுச்சு. சீயமங்கலத்துல நெல்லை ஏத்தினேன். அவலூர்பேட்டை வரைக்கும் அது ஒரு இடத்துலயும் நிக்கல, எனக்குத்தான் நெஞ்சு நின்னு நின்னு அடிச்சுது. மண்டியில தேவராஜ் அண்ணன் வண்டியைச் சுத்தி வந்து முறைச்சார். நடந்ததைச் சொன்னேன். தொந்தி குலுங்கச் சிரிச்சுட்டார்.

"ஏம்பா, புதுசு எலிக்கு, பழசு எனக்கா? சரி சரி, நாளைக்கும் இத்தையே எடுத்துக்கினு வா!"

ஆக, புண்ணியவான்களே, ஓடுற நிலைமையில பழசு ஒண்ணு வாசல்ல நிக்குதுன்னா, புது வண்டி வாங்கறது புத்திசாலித்தனம்தான்.