சம்பந்தி மனையின் தாகம்

ஊரில் எல்லோரும் அவரைக் குழிக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பாதாளச் சாக்கடை எட்டாத புறநகர் அது. காலி மனையில் வீடு கட்ட நினைப்பவர்கள், செப்டிக் டேங்கிலிருந்து வழியும் நீரை அந்த மண் உறிஞ்சிக்கொள்ளும் என்று அவரிடம் எழுதி வாங்கியாக வேண்டும். குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி ஊறவிடுவார். மறுநாள் மீண்டும் ஊற்றி, அளவுகோலை நட்டு, மட்டம் இறங்கும் வேகத்தைப் பார்ப்பார். முக்காலியில் உட்கார்ந்து குழித் தண்ணீரையே முறைத்துக்கொண்டிருப்பவரிடம், போகிறவர்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்பதுண்டு. “மீன் பிடிக்கிறேன், இன்னும் ஒண்ணும் சிக்கல” என்பார் முகம் மாறாமல்.

முகதாட்சண்யம் என்பது அவரிடம் கிடையாது. கூடப் பிறந்த தம்பியின் மனையையே ஆகாது என்று தள்ளிவிட்டார். தம்பி ஒரு வருஷம் பேசவில்லை. அந்த வருஷம்தான் வீடு நிம்மதியாக இருந்தது என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

இந்தக் கதை சம்பந்திக்கும் தெரியும். சம்பந்தி என்றால் குழிக்காரம்மாவின் மகளுக்கு மாமனார். கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருப்பவர். மகனுக்கும் மருமகளுக்கும் வீடு கட்ட மனை வாங்கியிருந்தார். குழிக்காரம்மா அலுவலகத்தில் உறவைச் சொல்லி, வேறு யாரையாவது அனுப்பச் சொன்னார். வேறு ஆளே இல்லை, நீங்களே போங்கள் என்றுவிட்டார்கள்.

மனையின் பின்பக்கம் மூன்று குழி, முன்பக்கம் ரோட்டோரமாக ஒன்று. பின்பக்கத்தில் மண் பிசின் மாதிரி கையில் ஒட்டிக்கொண்டு வந்தது. சுத்தமான களிமண். மகளிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தார். நான்கு குழியிலும் அடியில் சரளைக்கல் பரப்பி, தண்ணீரை ஊற்றிவிட்டு வீடு திரும்பினார்.

மறுநாள் காலை சம்பந்தியும் அவர் மனைவியும் முன்னதாகவே வந்து நின்றார்கள். குழிக்காரம்மா பின்பக்கக் குழியில் தண்ணீரை ஊற்றினார். மடக் மடக்கென்று சத்தம், தண்ணீரைக் காணோம். அடுத்ததிலும் அப்படியே. மூன்றாவதிலும் அப்படியே.

“மண்ணுக்கு நல்ல தாகம் போல” என்றார் சம்பந்தி. ஒரு கை இடுப்பில் இருந்தது. மேலெல்லாம் தைல வாடை.

குழிக்காரம்மா அளவுகோலை உள்ளே விட்டார். அது அடியில் போட்டிருந்த சரளைக்கல்லை விலக்கிக்கொண்டு, நேற்றைய ஆழத்தையும் தாண்டிக் கீழே போனது. யாரோ களிமண்ணைக் குத்தித் துளைத்து, அதற்கும் கீழே இருந்த மணலைத் தொட்டிருக்கிறார்கள். யார் என்று கேட்கவே வேண்டாம். ஆனால் சம்பந்தியைக் கையும் களவுமாகப் பிடிக்க முடியுமா? பெண் வாழ்கிற வீடாயிற்றே. சிரிப்பை அடக்கிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார்.

“பாஸ்தானே, சம்பந்தியம்மா?”

“ஃபெயில், சம்பந்தி.”

“தண்ணி நிக்கவே இல்லையே?”

“அதான் வம்பு. இவ்ளோ வேகமா இறங்கினா, கழிவு வடிகட்டாம நேரா நிலத்தடி தண்ணியில கலந்துடும். அக்கம்பக்கத்துக் கிணத்துல எல்லாம் நம்ம வீட்டு வாசனைதான் வரும்.”

சம்பந்தியின் முகம் தொங்கிவிட்டது. நேற்றுக் களிமண்ணாக இருந்தது இன்று இப்படி மாறியிருப்பதால், பெரிய மெஷின் கொண்டுவந்து மனை முழுவதையும் தோண்டிப் பார்க்க வேண்டியிருக்கும் என்று குழிக்காரம்மா வருத்தத்தோடு சொன்னார்.

“எலி வளை ஏதாவது இருக்குமோ?” என்றார் சம்பந்தி ஈனஸ்வரத்தில்.

“இருக்கலாம். ஆனா மூணுலயும் நேர்கீழா இறங்கியிருக்கு. கடப்பாரை வெச்சிருக்கிற எலியாத்தான் இருக்கணும்.”

குடை நிழலில் ஆரஞ்சுப்பழம் உரித்துக்கொண்டிருந்த சம்பந்தியின் மனைவி தலை நிமிராமல் சொன்னார்: “அந்த எலிக்கு நேத்து சாயங்காலத்துலேர்ந்து இடுப்புப் பிடிப்பு. தைலம் தேய்ச்சுத் தேய்ச்சு என் கைதான் எரியுது.”

சம்பந்தி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். முதலில் சிரித்தது அவர் மனைவிதான். பிறகு குழிக்காரம்மாவுக்கும் அடக்க முடியவில்லை. பிள்ளைகள் வீடு நின்றுபோய்விடுமோ என்ற பயத்தில் செய்துவிட்டதாகவும், மூன்றாவது குழி முடிந்ததும் இடுப்பு பிடித்துக்கொண்டதால் முன்பக்கக் குழிப் பக்கம் போகவே முடியவில்லை என்றும் சம்பந்தி ஒப்புக்கொண்டார்.

அந்தக் கை படாத குழியில் குழிக்காரம்மா தண்ணீர் ஊற்றினார். அவசரமும் இல்லாமல் சோம்பலும் இல்லாமல், மட்டம் நிதானமாக இறங்கியது. பின்பக்கத்தில் பக்கத்திலேயே புதிதாகக் குழி போட்டு ஊறவைத்து மறுநாள் பார்த்தபோது, தண்ணீர் குடித்தனம் வந்ததுபோல அசையாமல் நின்றது. பழைய குழிகள் சேதமானதால் புதிதாகத் தோண்டியதாகவும், முன்பக்கம் மட்டும் ஏற்றது என்றும் எழுதி முடித்தபோதுதான் குழிக்காரம்மாவுக்கு மூச்சு சீராக வந்தது.

முன்பக்கம் என்றால் சம்பந்தி கார் ஷெட்டும் தூண் வைத்த கேட்டும் கட்ட நினைத்திருந்த இடம். செப்டிக் டேங்க் நீரை மண்ணுக்குள் விடும் குழாய்கள் புதைந்த இடத்தின்மேல் கனமான எதுவும் நிற்கக்கூடாது என்பதால் கார் வீட்டுக்குப் பின்னால் போனது, தூண்கள் கனவோடு போயின. அங்கே வெறும் புல்தரைதான். அதைத் தானே யோசித்துப் போட்டதாக வருகிறவர்களிடமெல்லாம் சம்பந்தி சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஒருநாள் வந்த விருந்தாளி, புல் எப்படி இவ்வளவு செழிப்பாக இருக்கிறது என்று வியந்து கேட்டார். சம்பந்தி வாயைத் திறப்பதற்குள் குழிக்காரம்மா முந்திக்கொண்டார்.

“வீட்டுல ஒருத்தர் விடாம எல்லாரும் தினமும் பாடுபடுறாங்க.”