காதருக்குக் கடைந்த டைட்டானியம் போல்ட்

அப்போது நான் கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். இரும்பில் பாதி எடையே இருக்கும் டைட்டானியம் கம்பித் துண்டு ஒன்று அங்கே கிடந்தது. யாரையும் கேட்காமல் எடுத்து, சைக்கிள் பந்தயத்தில் ஓட்டும் என் நண்பன் காதருக்கு நான்கு போல்ட்டுகள் கடைந்தேன். ஒன்றில் மரை சரியாக விழவில்லை. தெரிந்தும், பெருமையில் அதையும் ஹேண்டில்பாரில் முடுக்கிவிட்டேன்.

பந்தயத்தன்று விடியலில் அடையாறு பாலம் பனியில் மறைந்திருந்தது. அதற்குள்ளிருந்து காதர் முதல் ஆளாக மிதந்து வந்தான். சக்கரம் தரையில் படவே இல்லை என்று தோன்றியது. கைதட்டக்கூட மறந்து நின்றேன். மறுகணம் ஹேண்டில்பார் கழன்று திரும்ப, அவன் விழுந்தான். மணிக்கட்டு முறிந்தது.

பந்தயம் நடத்தியவர் ஓடிவந்து, "எப்படிப்பா விழுந்தே?" என்றார்.

"பள்ளம் சார், கவனிக்கல" என்றான் காதர்.

ஆஸ்பத்திரியில் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன்.

"தெரியும் மச்சி. கழண்ட போல்ட்டு என் ஜோபுலதான் கீது. பந்தயம் நடத்துனவரு அத்தப் பாத்து, எங்க கடைஞ்சதுன்னு விசாரிச்சிருந்தா உன் வேலை இன்னா ஆவறது?"

மறுநாள் மேலாளரிடம் நானே போய்ச் சொன்னேன். வேலை போயிற்று, அதில் வருத்தமில்லை. காதரின் கைதான் பிறகு முழுதாக மடங்கவேயில்லை. அவன் என்னை ஒருமுறையாவது திட்டியிருக்கலாம் என்று இன்றும் சில விடியல்களில் நினைத்துக்கொள்கிறேன்.