சரிக்குறியின் கீழே ஒரு புள்ளி

ஒன்றுபோல் ஒலிக்கும் ஆங்கிலச் சொற்களைப் பிரித்துக் காட்டுவது, இரட்டைப் பிள்ளைகளுக்குப் பெயர் சொல்லிச் சோறூட்டுவது போன்ற வேலை. என்றேனும் ஒருநாள் ஒரே பிள்ளைக்கு இருமுறை ஊட்டிவிடுவோம்.

அரிமளத்துக்கு அருகே ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அந்த வேலையை முப்பத்தோர் ஆண்டுகள் செய்தேன். weak என்றாலும் week என்றாலும் காதுக்கு ஒன்றே. மெலிந்தவனுக்கு எது, ஏழு நாளுக்கு எது என்பதைப் பொருளறிந்துதான் எழுதவேண்டும். அந்தத் தொல்லையில் நீங்களும் உழன்றிருப்பீர்கள். ஆகவே, பணியின் கடைசி ஆண்டில் எனக்கு நேர்ந்தவற்றை உங்களிடம் சொல்வதில் கூச்சமில்லை.

முப்பத்தொன்பதாவது நோட்டு

முதலில் என் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். திங்கள்தோறும் பத்தாம் வகுப்புக்குப் பத்து வாக்கியங்கள் சொல்வதெழுதுதல். அவற்றை ஞாயிறன்று வீட்டில் உரக்கப் படித்து, குழப்பும் சொற்களை எழுத்தெழுத்தாகக் கூட்டி, பொருளும் சொல்லிப் பழகிக்கொள்வேன். முப்பத்தெட்டு நோட்டுகளையும் சணல் கயிற்றால் கட்டி, பிள்ளைகள் ‘சார் முடிச்சு’ என்று கேலி செய்யும் இரட்டைச் சுருக்கை இட்டு, டவுன் பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுவருவேன். சரியான சொல்லுக்குச் சிவப்பு மையில் ஒரு சரிக்குறி. அதன் கீழே ஒரு புள்ளி. குறி, கண் பார்த்ததற்கு. புள்ளி, மனம் பொருளை நினைத்ததற்கு.

ஜூலையில் ஒரு திங்கள் மாலை, முகம் கழுவிக் காபி குடித்துவிட்டு வந்து கட்டை அவிழ்த்து எண்ணினேன். முப்பத்தொன்பது இருந்தன. மிகுந்து கிடந்த நோட்டின் அட்டையில் பெயரில்லை. உள்ளே அன்றைய பத்து வாக்கியங்களும் பிழையின்றி எழுதப்பட்டிருந்தன. அந்த எழுத்தைக் கண்டதும் என் கை கூசியது. சாய்வு, வளைவு, வால் இழுப்பு எல்லாம் என்னுடையவை. யாரோ என் கையை எனக்கே எழுதிக் காட்டியதுபோல் இருந்தது. ஆயினும் எழுத்து சரியென்றால் குறி இடத்தானே வேண்டும்? இட்டேன்.

மறுநாள் வகுப்பில் அதைத் தூக்கிக் காட்டினேன். ஒருவரும் எழவில்லை. வகுப்புத் தலைவி தேன்மொழி மட்டும் எழுந்து, “சார், நாங்க முப்பத்தெட்டுப் பேருதான் சார். நேத்துக் கட்டும்போது நீங்களும் எண்ணுனீங்க, நானும் எண்ணுனேன்” என்றாள்.

சாகாத கிழவர்

அந்த நோட்டை வீட்டு அலமாரியில் வைத்துவிட்டேன். அடுத்த திங்கள் அது கட்டின் நடுவே இருந்தது. புதிய பக்கத்தில் புதிய வாக்கியங்கள். அதற்கடுத்த திங்களும் அவ்வாறே. செப்டம்பருக்குள் அதை எதிர்பார்க்கவே பழகிவிட்டேன். பிழையற்ற ஒரு நோட்டைக் கண்டு அஞ்சுவது ஓர் ஆசிரியனுக்கு அழகா என்று என்னையே கடிந்தும் கொண்டேன்.

அஞ்சவேண்டியது வேறோரிடத்தில் இருந்தது. அந்தக் கிழவர் இறந்துவிடுவார் என்று ஒரு வாக்கியம் கொடுத்திருந்தேன். சாவுக்குரிய die-க்கு மாறாக, துணிக்குச் சாயம் தோய்க்கும் dye-ஐ எழுதியிருந்தான் ஒருவன். அதற்குச் சரிக்குறி இருந்தது. கீழே புள்ளியும் இருந்தது. இரண்டும் நான் இட்டவை. மற்ற நோட்டுகளைப் புரட்டினேன். இன்னும் ஆறு நோட்டுகளில் ஒவ்வொரு தவறான குறி இருந்தது. இதே பிழையைக் கரும்பலகையில் செய்த இளம் ஆசிரியை ஒருவரைப் பிள்ளைகள் முன்னிலையிலேயே திருத்தி அழவைத்தவன் நான். இப்போது முப்பத்தெட்டுப் பிள்ளைகள், ஏப்ரலில் அரசுத் தேர்வு எழுதப்போகிறவர்கள், என் குறியை நம்பித் தவற்றை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள்.

நோட்டைக் கொண்டுவந்து காட்டிய தேன்மொழிக்குச் சிரிப்பு அடங்கவில்லை: “சார், அந்தக் கெழவரு சாகாம தலைக்குச் சாயம் அடிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்காரு சார்!”

தானே எழுதும் பேனா

அந்த ஏழு நோட்டுகளையும் திருத்தவென்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மாலையில் மனம் ஓடவில்லை. காலையில் ஊருணிக் கரையில் வழக்கம்போல் ஒரு மணி நேரம் நடந்து திரும்பி, கட்டை அவிழ்த்தேன். ஏழு பிழைகளும் திருத்தப்பட்டிருந்தன. தவறான குறி அடிக்கப்பட்டு, சரியான சொல் மேலே எழுதப்பட்டு, அதன் பக்கத்தில் குறியும் புள்ளியும் இருந்தன. எல்லாம் என் கையெழுத்தில்.

நானே திருத்திவிட்டு மறந்தேனா? நான் தொடாமலே அவை திருந்தினவா? இவ்விரண்டில் எது குறைந்த அச்சம் தருவது என்று நெடுநேரம் யோசித்தேன். மதிய உணவின்போது கணக்காசிரியர் ஆரோக்கியசாமியிடம் பாதி சொன்னேன். அவர் சோற்றுக் கையை உதறிக்கொண்டு, “அந்தப் பேனாவ ஒரு நாளைக்கு இங்கிட்டுக் குடுங்க சார், அறுபது கணக்கு நோட்டு கெடக்கு எனக்கு!” என்றார்.

குடைவரைக்குள்

டிசம்பரில் பிள்ளைகளைச் சித்தன்னவாசலுக்கு அழைத்துச் சென்றோம். ஓவியங்களைப் பார்த்தபின் பாறையைக் குடைந்த உள்ளறைக்குள் நுழைந்தோம். அங்கே ஒருவர் மெல்ல முனகினால் அறை முழுவதும் முனகும். பிள்ளைகள் ஆளுக்கொரு முறை முனகிவிட்டு வெளியேறினார்கள். நான் மட்டும் நின்றேன். யாரும் இல்லையென்று உறுதி செய்துகொண்டு, week என்றேன். சற்று நிறுத்தி, weak என்றேன்.

பாறை இரண்டையும் ஒன்றாகக் குழைத்துத் திருப்பித் தந்தது. அந்தக் கார்வை அடங்குவதற்குள் எனக்கு ஒன்று நேர்ந்தது. எதை முதலில் சொன்னேன், எதற்கு எந்தப் பொருள் என்பது எனக்குத் தெரியவில்லை. முப்பத்தோர் ஆண்டுகள் நான் காத்துவந்த வேறுபாடு அங்கே இல்லை. சில நொடிகள்தாம். பிறகு வந்துவிட்டது. ஆனால் அது எங்கே போயிருந்தது?

வியர்த்து வெளியே வந்த என்னிடம், வாயிலில் நின்ற காவலாளி தம் அனுபவத்தைச் சொன்னார்: “அது ஆளு பாக்காது, பேச்சுப் பாக்காது சார். எதக் குடுத்தாலும் ஒரே மாரித்தான் திருப்பிக் குடுக்கும்.”

வேப்பிலைக் காம்பு

ஜனவரியில் நான் ஒரு பொறி வைத்தேன். மூன்று நோட்டுகளில் வேண்டுமென்றே தவறான இடத்தில் குறியிட்டேன். கட்டுக்குச் ‘சார் முடிச்சு’ போட்டு, சுருக்கின் இடுக்கில் ஒரு வேப்பிலைக் காம்பைச் செருகினேன். யார் அவிழ்த்தாலும் காம்பு விழும். பிறகு ஊருணிக்குப் புறப்பட்டேன்.

திரும்பி வந்தபோது முடிச்சு அப்படியே இருந்தது. காம்பும் செருகிய இடத்திலேயே இருந்தது. அவிழ்த்தேன். மூன்று பிழைகளும் திருத்தப்பட்டிருந்தன. அந்த முடிச்சைப் போடத் தெரிந்தவன் உலகில் நான் ஒருவனே என்று அதுவரை நம்பியிருந்தேன். என் மனைவி அழகம்மையைக் கூப்பிட்டு, அனைத்தையும் சொன்னேன். அவள் தம்ளரை மேசைமேல் வைத்துவிட்டு, “பேயி வந்து இங்கிலீஷ் நோட்டாங்க திருத்தும்? காபி ஆறுது, குடிங்க” என்றாள்.

பால் கணக்கு நாள்காட்டி

பிப்ரவரியில் ஒரு காலை, தேதி பார்க்கச் சமையலறை நாள்காட்டியின் முன் நின்றேன். பால் வந்த நாள்களுக்கு அழகம்மை குறியிடுவாள் என்பது தெரியும். அந்தக் குறிகளை ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன். ஒவ்வொரு குறியின் கீழும் ஒரு புள்ளி இருந்தது.

“இந்தப் புள்ளி எதற்கு?” என்றேன். கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தவளின் கை நின்றது.

“பத்தாப்புல நான் இங்கிலீஷுல ஃபெயிலுன்னு வார்ற போறவுங்ககிட்டயெல்லாம் சொல்லுவீங்க. ஞாயித்துக்கெழமையானா நீங்க எழுத்துக்கூட்டிப் படிக்கிறத இந்த அருவாமனைக்கு முன்னாடி ஒக்காந்து நானுந்தான கேட்டேன்? எனக்கும் ஒங்க கையால ஒரு சரி வாங்கணும்னு இருந்துச்சு. அதான் நோட்டு வச்சேன்.”

“பிறகு?”

“சரி போட்டீங்க. சந்தோசமா மத்த நோட்டையும் பொரட்டிப் பாத்தேன். பாத்தா புள்ளைகளுக்குத் தப்பாப் போட்டிருக்கீங்க. ஒரு வாரமில்ல, ரெண்டு வாரமில்ல. ஒங்க மொகத்துக்கு நேரா அத எப்படிங்க சொல்லுவேன்? நீங்க ஊருணிக்குப் போன நேரத்துல ஒங்க எழுத்துலயே திருத்தி, ஒங்க முடிச்சையே போட்டு, காம்பையும் செருகி வச்சேன்.”

 அவள் மறுபடி அரியத் தொடங்கினாள். அந்த மாதமே தலைமையாசிரியையிடம் உண்மையைச் சொல்லி, வகுப்பை ஓர் இளைய ஆசிரியரிடம் ஒப்படைத்தேன். அதற்குமுன், ஜூலை முதல் எழுதிய முப்பத்தெட்டு நோட்டுகளையும் வாங்கிவந்து, அகராதியை அருகில் வைத்து இருவரும் சரிபார்த்தோம். ஒரு பிழைகூட எஞ்சவில்லை. பிள்ளைகள் தப்பித்தார்கள்.

ஆனால் என் கணக்கு எனக்குத் தெரியவேண்டுமே! அந்தக் குறிகளில் எத்தனையை அவள் இட்டாள், எத்தனையை நான் இட்டேன்? மை ஒன்று, சாய்வு ஒன்று, புள்ளியும் ஒன்று. என்னால் பிரிக்க இயலவில்லை. நீயே காட்டு என்று நோட்டை அவளிடம் நகர்த்தினேன். அழகம்மை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினாள். முதலில் சிரித்த முகம், வரவரச் சிரிப்பை இழந்தது. கடைசியில் நோட்டை மூடி வைத்துவிட்டு, மெல்லிய குரலில் சொன்னாள்: “எது ஒங்களது, எது என்னதுன்னு எனக்கே தெரியலங்க.”

ஒன்றுபோல் இருப்பவற்றைப் பிரித்தறியும் வித்தையை முப்பத்தோர் ஆண்டுகள் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கற்பித்தவன், இந்தக் கட்டுரைத் தாளின் ஓரத்தில் இன்று காலை முளைத்திருக்கும் சிவப்புப் புள்ளிகள் யாருடையவை என்று கேட்காமலிருக்க இப்போதுதான் கற்றுவருகிறேன்.