பனியில் உட்கார்ந்துவிட்ட எஸ்கோ

பின்லாந்தில் கூஹ்மோ என்ற ஊரில் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த எஸ்கோ கார்ப்பினென், ஐம்பது தாண்டிய பிறகு சினிமாக் கதாநாயகன் ஆனார். ஊர்க்காரர்கள் கோடையில் போடும் நாடகத்தில் அவரைப் பார்த்துவிட்டு, ஹெல்சிங்கியிலிருந்து வந்திருந்த ரவுனி என்ற பெண் இயக்குநர் வீடு தேடி வந்தாள்.

"பெரும் பஞ்ச காலத்துக் கதை. பொண்டாட்டியப் பறிகொடுத்தவன், பிள்ளைங்களைச் சறுக்குவண்டியில வச்சு தெற்கே இழுத்துட்டுப் போறான். அந்த ஆள் நீதான்."

எஸ்கோ தலையாட்டி மறுத்தார். மனைவி ஹில்க்காதான், "காலம் பூரா அதே ரோட்டைத்தானே பார்க்கற. போய்ட்டு வா" என்று தள்ளிவிட்டாள்.

பஞ்சத்து முகம் வேண்டுமென்று அவருக்குத் தண்ணியான கஞ்சியைத்தான் கொடுத்தார்கள். குளிர்காலம் வருவதற்குள் உடம்பு பாதியாகிவிட்டது. சவுனா என்ற நீராவிக் குளியலறையில் பலகையில் உட்கார்ந்தால் எலும்பு குத்தியது. ஊர்ப் பெண்கள் ஹில்க்காவிடம், "அவருக்குச் சோறு போடறியா இல்லியா?" என்று கேட்டார்கள்.

உறைந்த ஏரியின் மேல் வண்டி இழுக்கும் காட்சியை ஒரு பகல் முழுக்க எடுத்தார்கள். மேகம் சரியில்லை, கயிறு சரியில்லை, குழந்தை தும்மிவிட்டது. ஒவ்வொரு தடவையும் ரவுனி, "இன்னொரு தரம், எஸ்கோ" என்றாள். வெளிச்சம் மங்கும் நேரத்தில், பாதி வழியில், எஸ்கோவின் கையிலிருந்து கயிறு நழுவியது. அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டார்.

"இறங்கி நடங்க பிள்ளைங்களா. என்னால முடியல."

எழுதிக் கொடுத்த வசனத்தில் அது இல்லை. ரவுனி கேமராவை நிறுத்தவுமில்லை.

படம் வந்தபோது நாடே அந்த இடத்தில் அழுதது. பத்திரிகைகள் அவரை மகா நடிகன் என்றன. விருது வாங்க மேடையேறிய எஸ்கோ, "நான் அங்க நடிக்கல. அசந்துபோய் உட்கார்ந்துட்டேன்" என்றார். அடக்கத்தில் சொல்கிறார் என்று நினைத்து எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள்.

திரும்பும்போது ஹில்க்கா கார் ஓட்டினாள்.

"ஒருத்தரும் நம்பல," என்றார்.

"நான் நம்பறேன். ஷூட்டிங் முடிஞ்சு வந்து, வசந்தம் வரைக்கும் நீ வாயே திறக்கல."

அடுத்த படத்துக்கு ரவுனி கூப்பிட்டாள். போர்க்களம், குதிரை, தளபதி வேடம். "வேற ஆளைப் பாரும்மா. இன்னொரு தடவ அந்த அளவுக்குக் களைக்க எனக்குத் தெம்பில்ல," என்றார் எஸ்கோ. அவள் வற்புறுத்தவில்லை.

பழையபடி பேருந்துக்கே போய்விட்டார். உடம்பு தேறியது, முழங்கால் மட்டும் தேறவில்லை. போன மாதம் ஒரு கிழவர் ஏறினார். சீட்டு வாங்கிய பிறகும் நகராமல் எஸ்கோவின் முகத்தையே பார்த்தார்.

"அந்தக் குளிர்ல பிள்ளைங்களை ஏன்யா நடக்க விட்ட?"

"வேற வழி தெரியல."

"அதே பஞ்சத்துல என் அப்பனைப் பெத்தவன் அப்படி விடலியே."

எஸ்கோ மன்னிப்புக் கேட்டுப் பார்த்தார். கிழவர் நேர் பின்னால் போய் உட்கார்ந்து, தன் நிறுத்தம் வரும்வரை கண்ணாடி வழியாக முறைத்துக்கொண்டே வந்தார்.